பாரிகாசா வழியில் நங்கூரத் துறைகள்

கரையோரக் கடற்செலவில் இரவுத் தங்கலுக்கு இடந்தேர்தல் மீகாமனது அறிவுக்கு உரைகல்லாகும். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்ளூஸ் நூல் இதற்குச் சான்று தருகின்றது.

நருமதை முகத்தில் ஓதம் பெருவிரைவில் ஏறி வற்றும். காருவா நாளின் இரவோதம் பேரொலியுடன் பாயும் என்றும், ஆழமற்ற இடத்தில் நின்ற கலங்கள் தரைதட்டிச் சாயும் என்றும் அந்நூல் குறிக்கின்றது. ஆதலின், இன்று பரூச் எனப்படும் பாரிகாசாவுக்குச் செல்லும் கலங்களை, அரசன் பணியிலிருந்த உள்ளூர் மீனவர் நெடும்படகுகளில் வந்து எதிர்கொண்டனர். ஏறுநீரில் அவற்றை இழுத்துச் சென்று, நீர் வற்றும்போது ஆற்றின் ஆழ்மடுக்களில் நிறுத்தினர்.

காற்றொதுக்கத்தினும் வற்றியபின் எஞ்சும் ஆழமே அங்குப் பெரிதாயிற்று எனத் துணியலாம். வணிக வரலாறு வேந்தரையும் வணிகரையும் போற்றுகின்றது. கலங்காத்த அம்மீனவரது அறிவும் அதன்கண் இடம்பெறல் வேண்டும் என்பது எம் கருத்து.