இறுதிப் பகுதியில் வரும் மனிதன்

உலகின் வாழிடங்களைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர்களுள் 2006ஆம் ஆண்டு பி.பி.சி. ஒளிபரப்பிய ‘பிளானட் எர்த்’ தொடருக்குத் தனியிடம் உண்டு. துருவம் முதல் துருவம் வரை ஓர் அறிமுகம். பின்னர் மலை, நன்னீர், குகை, பாலை, பனியுலகம், பெருஞ்சமவெளி, மழைக்காடு, ஆழமற்ற கடல், பருவக்காடு, ஆழ்கடல் எனப் பத்து வாழிடங்கள். ஆக மொத்தம் பதினொரு பகுதிகள். அதன் ஒளிப்பதிவின் அழகைக் குறித்து வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ள விரும்புவது வேறொரு கேள்வி. இத்தகைய தொடர்களில் மனிதன் எங்கே வருகிறான்? எந்தப் பகுதியில், எந்த வேடத்தில்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு 1954 முதல் 2023 வரையிலான தொடர்களை வரிசையாகப் பார்த்தால், படங்களின் வரலாறு மட்டுமன்றி, இயற்கையில் மனிதனுக்கு இடம் உண்டா என்பது பற்றிய ஒரு காலத்தின் எண்ணப்போக்கும் புலப்படும்.

தொடக்க காலத்தில் மனிதன் படத்தின் நடுவிலேயே நின்றான். 1954 டிசம்பரில் பி.பி.சி. தொடங்கிய ‘ஸூ குவெஸ்ட்’ தொடரின் நோக்கமே லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு உயிரினங்களைப் பிடித்து வருவதுதான். காட்சிசாலையைச் சேர்ந்த ஜாக் லெஸ்டர் நோயுற்றதால் இளம் தயாரிப்பாளரான டேவிட் அட்டன்பரோ நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க நேர்ந்தது. விலங்கைத் தேடுபவனும் அதைப் பிடிப்பவனும் கூண்டில் அடைப்பவனும் திரையில் வெளிப்படையாகவே தெரிந்தார்கள். பிற்காலத்தார் முகம் சுளிக்கத்தக்க செயல்தான். ஆயினும் அதில் ஒளிவு மறைவு இல்லை. மனிதன் இயற்கையோடு என்ன செய்துகொண்டிருந்தானோ, அதைப் படம் காட்டியது.

1957இல் பிரிஸ்டல் நகரில் பி.பி.சி.யின் இயற்கை வரலாற்றுப் பிரிவு முறைப்படி அமைந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், பிரிட்டனுக்கு வெளியே, நம் கேள்விக்கு மிக முக்கியமான ஒரு படம் வந்தது. ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக்கும் அவருடைய மகன் மைக்கேலும் சேர்ந்து உருவாக்கிய ‘செரெங்கெட்டி அழியலாகாது’ என்னும் படம் அது. வரிக்குதிரைக் கோடுகள் தீட்டிய சிறு விமானத்தில் பறந்து, அச்சமவெளியின் விலங்குக் கூட்டங்களை அவர்கள் எண்ணினார்கள். அவை இடம்பெயரும் தடங்களை வரைந்தார்கள். 1959 ஜனவரியில் அவ்விமானம் விழுந்து மைக்கேல் இறந்தார். படம் அவ்வாண்டே வெளியாகி, 1960இல் ஆஸ்கார் விருதும் பெற்றது.

அதே 1959இல், அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த டாங்கனிகாவில், செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, ஙொரொங்கொரோ பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். இப்படமே அதற்குக் காரணம் என்று சொல்வது மிகையாகும். அதற்கான ஏற்பாடுகள் முன்பே நடந்துவந்தன. ஆனால் தேசியப் பூங்கா என்பது மனிதக் குடியிருப்பு அற்றதாக இருக்கவேண்டும் என்பதே கிரிசிமெக்கின் உறுதியான கருத்து. நிலத்திலிருந்து மனிதர்களை விலக்குவதும், நிலத்தின் படத்திலிருந்து அவர்களை விலக்குவதும் ஒரே காலத்தில், ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தன என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

இனி மீண்டும் பிரிஸ்டலுக்கு வருவோம். 1979இல் வந்த ‘லைஃப் ஆன் எர்த்’ பதின்மூன்று பகுதிகள் கொண்டது. உயிரின் தோற்றத்தில் தொடங்கிப் பரிணாம வரிசையில் செல்லும் அத்தொடர், பதின்மூன்றாம் பகுதியில் மனிதனை வந்தடைகிறது. அங்கு அவன் இறுதியில் வருவதற்கு ஒரு நியாயம் உண்டு. காலத்தால் பிந்தி வந்தவன் கதையிலும் பிந்தி வருகிறான்.

1984இல் அதன் தொடர்ச்சியாக ‘தி லிவிங் பிளானட்’ வந்தது. உயிரினங்களின் வரிசையை விடுத்து, நிலத்தின் வகைகளைக் கொண்டு உலகைப் பகுத்த தொடர் இதுவே. இமயத்தில் தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையே ஓடும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் அட்டன்பரோ நின்று தொடங்குகிறார். பனி, வடகாடு, மழைக்காடு, புல்வெளி, பாலை, வான், நன்னீர், கரையோரம், தீவு, கடல் என்று நடந்து, பன்னிரண்டாம் பகுதியான ‘புதிய உலகங்க’ளில் மனிதன் ஆக்கிய வயல்களையும் நகரங்களையும் காட்டி முடிக்கிறார். இங்குதான் ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்கிறது. காலவரிசைக்காக இறுதியில் நின்ற மனிதன், நிலவரிசையிலும் இறுதிக்கே தள்ளப்படுகிறான். காளி கண்டகிப் பள்ளத்தாக்கோ திபெத்தின் உப்பு நெடுங்காலம் தெற்கே இறங்கி வந்த வணிகப் பாதை. புல்வெளியும் பாலையும்கூட மனிதன் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த இடங்களே. அவனுக்கெனத் தனியாக ஒரு பகுதி ஒதுக்கியவுடன், மற்றப் பகுதிகள் அவனற்றவை என்ற தோற்றம் தானாகவே உண்டாகிவிடுகிறது.

அடுத்த கட்டத்தில் அந்த இறுதிப் பகுதியும் தொடரைவிட்டு வெளியேறியது. 2001இல் அலஸ்டர் ஃபாதர்கில் பொறுப்பில் உருவான ‘தி புளூ பிளானட்’ எட்டுப் பகுதிகளில் கடலைக் காட்டியது. கடலுக்கு மனிதன் செய்யும் கேட்டைச் சொல்லும் ‘டீப் டிரபிள்’ என்னும் நிகழ்ச்சி, தொடருக்குப் புறத்தே, பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் தனியாக ஒளிபரப்பாயிற்று. 2006இல் ‘பிளானட் எர்த்’ தொடரும் அதே வழியைப் பின்பற்றியது. பதினொரு பகுதிகளும் முதன்மை அலைவரிசையில் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தன. அழியும் இனங்கள், காடுகளின் எதிர்காலம், மனிதனும் விலங்கும் சேர்ந்து வாழ்தல் ஆகியவற்றைப் பேசிய ‘பிளானட் எர்த்: தி ஃபியூச்சர்’ என்ற மூன்று பகுதித் தொடர், பார்வையாளர் குறைந்த நான்காம் அலைவரிசைக்குச் சென்றது.

ஏன் இவ்வாறு செய்தார்கள்? தீய நோக்கம் எதையும் நாம் கற்பிக்க வேண்டியதில்லை. காரணங்கள் பெரும்பாலும் தொழில் சார்ந்தவை என்றே தோன்றுகிறது. பி.பி.சி., அமெரிக்காவின் டிஸ்கவரி, ஜப்பானின் என்.எச்.கே. ஆகியவை சேர்ந்து தயாரித்த பெருஞ்செலவுத் தொடர் இது. பல நாடுகளில், பல ஆண்டுகள் விற்கப்பட வேண்டியது. மனிதனின் உடை, வீடு, வாகனம் ஆகியவை ஒரு படத்துக்கு ஆண்டு முத்திரை குத்திவிடும். விலங்குக்கு அத்தகைய முத்திரை இல்லை. ஒரு நாட்டின் அரசியலைத் தொட்டால் இன்னொரு நாட்டில் விற்பது கடினம். கருவியும் இதற்குத் துணை செய்தது. அதிர்வை ஈடுசெய்யும் கருவியை ஹெலிகாப்டரில் பொருத்தி, விலங்கு அறியாத உயரத்திலிருந்து, போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் காட்டுநாய்கள் வேட்டையாடும் முறை முழுவதையும் எடுத்தார்கள். பறவையின் கண்ணைப் பெற்றுவிட்ட கருவி, கீழே உள்ள ஊரையும் வேலியையும் எளிதில் தவிர்த்துக்கொள்ளவும் முடிந்தது.

ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாகிஸ்தானின் மலைப்பகுதியில் பனிச்சிறுத்தை, மார்க்கோர் என்னும் முறுக்குக் கொம்பு ஆட்டைத் துரத்தும் காட்சி அத்தொடரின் பெருமைகளுள் ஒன்று. அதுவரை எவரும் அவ்வேட்டையை அவ்வளவு தெளிவாகப் படமாக்கியதில்லை. ஆனால் பனிச்சிறுத்தையின் வாழ்வு மார்க்கோரோடு முடிவதன்று. அது வாழும் மலைகளில் இடையர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய ஆட்டை அடிக்கிறது. சில வேளைகளில் அவர்கள் அதைக் கொல்கிறார்கள். அவ்விலங்கின் எதிர்காலம் அந்த இடையரின் பட்டியில்தான் பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது. தொடரின் ஒவ்வொரு பகுதிக்கும் பின்னர் வந்த பத்து நிமிட நாட்குறிப்பில் மனிதன் தோன்றுகிறான் என்பது உண்மையே. ஆனால் அங்கு முதன்மை பெறுபவன் குளிரில் மாதக்கணக்காகக் காத்திருக்கும் ஒளிப்பதிவாளன். வந்துபோகிறவனுக்கு முகம் உண்டு; இருந்து வாழ்கிறவனுக்கு அதே இடம் இல்லை.

இதற்கு இணையாக இன்னொரு நிகழ்வையும் நினைவுகூரலாம். அதே 2006 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் உரிமை பதிவு செய்யப்படாத பழங்குடியினருக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதை அச்சட்டம் தன் முகப்பிலேயே ஒப்புக்கொண்டது. காட்டின் பகுதியாக அவர்களைக் கருதுவதா, காட்டுக்கு ஊறாகக் கருதுவதா என்ற வாதம் அப்போது கடுமையாக நடந்தது. மனிதனற்ற காட்டையே தூய காடு என்று கண்ணுக்குப் பழக்கும் படங்கள் அத்தகைய வாதத்தில் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஒரு நிலத்தின் கருப்பொருளை வகுத்த நம் இலக்கண நூலார், விலங்கையும் மரத்தையும் உணவையும் பறையையும் தொழிலையும் ஒரே வரிசையில் வைத்தார்கள்.

2011இல் சிக்கல் வெளிப்படையாயிற்று. துருவங்களைப் பற்றிய ‘ஃப்ரோஸன் பிளானட்’ தொடரின் ஏழாம் பகுதியான ‘ஆன் தின் ஐஸ்’, உருகும் பனியையும் வெப்பமாதலையும் பேசியது. தொடரை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அப்பகுதி ‘விரும்பினால் மட்டும்’ என்ற முறையில் விற்கப்பட்டது தெரியவந்தபோது கண்டனம் எழுந்தது. டிஸ்கவரி நிறுவனமும் முதலில் அதைத் தவிர்க்க எண்ணிப் பின்னர் ஒளிபரப்ப முடிவு செய்தது. இறுதிப் பகுதி என்பது எளிதில் கழற்றிவிடக்கூடிய பகுதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

அதன் பின் வந்த தொடர்களில் ஒரு மனமாற்றம் தெரிகிறது. 2016இன் ‘பிளானட் எர்த் 2’ ஆறாவதும் இறுதியுமான பகுதியை நகரங்களுக்கு அளித்தது. மும்பையின் இரவில் பன்றி வேட்டையாடும் சிறுத்தைகள், ஜோத்பூரில் மக்கள் ஊட்ட உண்ணும் மந்திகள், எத்தியோப்பியாவின் ஹராரில் மனிதன் கையிலிருந்து இறைச்சி வாங்கும் கழுதைப்புலிகள் ஆகியவற்றைக் காட்டிய அப்பகுதியில், மனிதன் அழிப்பவனாக மட்டுமன்றி அண்டை வீட்டுக்காரனாகவும் வந்தான். பார்படோஸில் நகர விளக்குகளால் திசைமாறிய ஆமைக்குஞ்சுகளைத் தாங்கள் கண்டவரையில் எடுத்துக் கடலில் சேர்த்ததாகப் படக்குழுவினர் தெரிவித்தார்கள். ஆயினும் 2017 ஜனவரியில், பி.பி.சி. நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கிய மார்ட்டின் ஹியூஸ்-கேம்ஸ், இத்தொடர்கள் எல்லாம் நலமாக இருப்பதான பொய்த் தோற்றத்தைத் தருவதால் வனவிலங்குகளுக்குப் பெருங்கேடு செய்கின்றன என்று கடுமையாக எழுதினார்.

அவ்வாண்டு இறுதியில் வந்த ‘புளூ பிளானட் 2’ கடலில் சேரும் நெகிழிக் குப்பையைத் தொடருக்குள்ளேயே பேசியது. பிரிட்டனில் அது குறித்துப் பரவலான பேச்சு எழுந்தது. எனினும் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அத்தொடரின் ஒரு பகுதியைப் பார்த்தவர்களின் அறிவு கூடியதே தவிர, நெகிழியைத் தவிர்க்கும் நடத்தை மாறவில்லை என்று கண்டது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘அவர் பிளானட்’, கேட்டை இறுதிக்கு ஒத்திவைக்காமல் பகுதிதோறும் சொல்ல முயன்றது. 2023இன் ‘பிளானட் எர்த் 3’ தொடரின் எட்டுப் பகுதிகளில் இறுதி இரண்டும் மனிதனைப் பற்றியவை. ஏழாவதின் பெயரே ‘மனிதன்’. எட்டாவது, உயிரினங்களைக் காக்க உழைப்போரைப் பற்றியது. பல ஆண்டுகள் வெளியே நின்றவன் உள்ளே வந்துவிட்டான். ஆனால் பெரும்பாலும் குற்றவாளியாகவோ மீட்பனாகவோதான் வருகிறான். அதுவும் இறுதியிலேயே வருகிறான். மாடு மேய்ப்பவனாக, தேன் எடுப்பவனாக, வலை விரிப்பவனாக, அந்தந்த நிலத்தின் பகுதியில் அவன் வருவது இன்னும் அரிதாகவே இருக்கிறது.

இத்தொடர்களைக் குறை கூறி ஒதுக்குவது நம் நோக்கமன்று. காட்டை ஒருமுறையும் கண்டிராத கோடிக்கணக்கான மக்களுக்குக் காட்டின்மேல் அன்பை உண்டாக்கியவை இவை. அந்த அன்பு இல்லாமல் எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது. ஆனால் மனிதர்கள் இல்லாத நிலத்தின்மேல் பழகிய அன்பு, அந்நிலத்தில் வாழும் மனிதர்களை வேண்டாதவர்களாக எண்ணவும் பழக்கக்கூடும். செரெங்கெட்டியில் 1959இல் நடந்தது அதற்குச் சான்று. இனி இத்தகைய தொடரொன்றைக் காணும்போது, விலங்கின் மேலிருந்து கண்ணைச் சற்றே விலக்கி, அச்சட்டகத்தின் ஓரத்தில் எந்த ஊர், எந்தப் பட்டி, எந்தக் குடிசை விடுபட்டிருக்கும் என்று கேட்டுப் பார்ப்போம். அழகு அதனால் குறைந்துவிடாது. நாம் காக்க விரும்பும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து அறிந்துகொள்வோம்.