கடைசலும் எழுதுகோலும்

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் வினைச்சொல் ஒன்றே. இரு தொழில்களின் இயக்கமும் ஒன்றாதலின், இவ்வொற்றுமை மிகவும் பொருத்தமுடையது. மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பது போலவே, பண்டைக் கடைசற்காரரும் மரத்துண்டில் கயிற்றைச் சுற்றியிழுத்து அதனைச் சுழலச் செய்தனர். எகிப்து நாட்டில் ஏறத்தாழ கி.மு. 300இல் எழுந்த பெட்டோசிரிஸ் என்பாரின் கல்லறையில், ஒருவன் கயிற்றை இழுக்க, மற்றொருவன் உளி பிடித்துக் கடையும் காட்சி செதுக்கப்பெற்றுள்ளது. சக்கரமும் நீராவியும் மின்சாரமும் பின்னர் வந்து அக்கயிற்றின் வேலையை ஏற்றன. ஆயினும், சுழலும் மரத்தில் உளி வைக்கும் கையின் வேலை மாறவில்லை.

நம் நாட்டுக் கடைசற்காரர் தரையில் அமர்ந்து, வில்லின் நாணை மரத்தில் சுற்றி ஒரு கையால் இழுத்து, மறுகையாலும் காலாலும் உளியை நிலைநிறுத்திக் கடைந்தனர். கருநாடகத்துச் சென்னபட்டணமும், ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவும், நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரமும் கடைசலால் பெயர்பெற்ற ஊர்கள். முன்னைய இரண்டு ஊர்களிலும் சிறப்பாகப் பயன்படும் மரம், நாம் வெட்பாலை என வழங்கும் மரமேயாம். கடைந்த மரம் சுழலும்போதே அதன்மீது வண்ண அரக்குக் கோலை அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படியும். தாழை மடலால் தேய்க்க மெருகு ஏறும். தூரிகை வேண்டா, உலரவைக்கும் காலமும் வேண்டா. ஏட்டறியாத் தொழிலாளர் கண்டறிந்த நுட்பம் இது.

இவ்வாறு உழைப்பாளியின் பிழைப்பாக விளங்கிய கடைசல், ஐரோப்பாவில் செல்வர்க்கும் மன்னர்க்கும் பொழுதுபோக்காகவும் ஆயிற்று. உருசிய நாட்டுப் பேரரசர் மகா பீட்டர் (1672–1725) அரண்மனையிலேயே கடைசற்கூடம் அமைத்துத் தம் கையால் தந்தத்தையும் மரத்தையும் கடைந்தார். 1701ஆம் ஆண்டில் சார்லசு புளுமியே என்னும் பிரெஞ்சுத் துறவி கடைசற்கலைக்கென்றே ஒரு விரிவான நூல் வெளியிட்டார். பிழைப்புக்காகக் கடைந்தோர் எழுதிவையாத நுட்பங்கள் அச்சேறியமைக்கு இப்பொழுதுபோக்கும் ஒரு காரணம் எனலாம்.

எழுதுகோலும் கடைசலும் ஒன்றுசேர்ந்த வரலாறு இனி. மையில் தோய்த்தெழுதும் எஃகு முள் பரவிய 19ஆம் நூற்றாண்டில், அம்முள்ளைச் செருகும் கட்டை பெரும்பாலும் கடைந்த மரமே. 1884இல் நியூயார்க்கு நகரத்து லூயிசு வாட்டர்மன், மையைத் தன்னுள்ளே அடக்கிய பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மையூற்றுப் பேனா பரவியதும் மரம் பின்தங்கியது. மரம் மையைக் குடிக்கும், ஈரத்தில் பருக்கும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். ஆதலின், இரப்பரோடு மிகுதியான கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றிப் பெறும் எபொனைட் என்னும் கடும்பொருள் அதன் இடத்தைப் பிடித்தது. அது கொம்பு போல் உறுதியானது, மையால் கெடாதது, உளிக்கு எளிதில் இணங்குவது. மரம் விலகினும் கடைசல் விலகவில்லை.

இத்தொழில் நம் விடுதலை வரலாற்றிலும் இடம்பெற்றது. கோதாவரிக் கரையிலுள்ள இராசமுந்திரியில் கே. வி. இரத்தினம் என்பார் 1930களில் எபொனைட் பேனாக்களைக் கையாற் கடைந்து செய்தார். அவருடைய பேனா, அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தைச் சேர்ந்த ஜே. சி. குமரப்பா வழியாகக் காந்தியடிகளை அடைந்தது. அடிகள் அதனைக் கொண்டு எழுதிப் பார்த்து, கடைத்தெருவில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என்று 1935இல் நன்றி மடல் விடுத்தார். இடைநின்ற குமரப்பா தஞ்சையில் பிறந்த தமிழர் என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது. கைத்தொழிலாளன் ஒருவன் உருவாக்கிய சிறு பொருள், ஒரு நாட்டின் தன்மதிப்புக்குச் சான்றாயிற்று.

ஆனால் மதிப்பு வேறு, வாணிகம் வேறு. 1938இல் லாசுலோ பீரோ காப்புரிமை பெற்ற பந்துமுனைப் பேனா, பின்னர் மலிவுற்று உலகெங்கும் பரவியது. பேனா முள் செய்வதில் பெயர்பெற்ற நம் சாத்தூரின் குடிசைத் தொழில் அதனால் நலிந்தது. திருவள்ளூர் போன்ற சில இடங்களில் மட்டும் கையாற் கடையும் பேனாத் தொழில், அருமை அறிந்து வாங்குவோரால் நிலைபெற்றுள்ளது.

இந்நிலையில்தான் மரம் எழுதுகோலுக்குத் திரும்பியது; திரும்ப அழைத்தவர்கள் பொழுதுபோக்காகக் கடைவோரே. பழைய இடையூற்றை அவர்கள் பித்தளைக் குழாய் ஒன்றால் வென்றனர். விரல் பருமனுள்ள, நன்கு உலர்ந்த மரத்துண்டை நெடுகத் துளைத்து, அதனுள் குழாயைப் பசையிட்டுப் பொருத்துவர். பின்னர்க் கடைசற்பொறியில் ஏற்றிக் கடைந்து, உப்புத்தாளால் தேய்த்து, மெருகேற்றி, முனையும் மூடியும் இணைப்பர். மை மரத்தைத் தீண்டாது. துண்டு பெரிதாகவும் வேண்டியதில்லை. பிறந்த வீட்டைப் பிரித்தபொழுது எஞ்சிய உத்தரத்தின் ஒரு சாண் துண்டு போதும். தாயகம் விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஓய்வுநேரத்தில் கடைபவருக்கு உளி வழுக்கினால் ஒரு மரத்துண்டு வீணாகும். அதனையே நம்பி வாழ்பவருக்கு வாங்குவோர் குறைந்தால் அடுப்பு அணையும். அவர் மகன் அத்தொழிலை விட்டு வேறு வேலை தேடுவான். தலைமுறைகளாகக் கையிலிருந்து கைக்கு வந்த நுட்பம் அவரோடு முடியும். எந்நூலும் அதனை முழுமையாகக் காத்துவைக்க இயலாது. ஆதலின், இக்கலையில் விருப்பங்கொள்ளும் இளைஞர் முதலில் ஒரு கடைசற்காரரை நாடி, உரிய ஊதியம் தந்து பயில்வது முறை. சங்கங்களின் ஆண்டுவிழா மேடைகளில் வழங்கும் பரிசுகளுள், நம் கைவினைஞர் கடைந்த எழுதுகோல் ஒன்றும் இடம்பெறுமாயின், பெறுகின்ற மாணவனுக்கும் பெருமை. கடைந்த கைக்கும் சோறு.