அடுக்குத் தகடுகள், ஓடுகளின் கட்டற்ற அதிர்வு

மெல்லிய அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த தட்டையான தகடோ வளைந்த ஓடோ, ஒருமுறை தட்டிவிட்ட பின் வெளிவிசை எதுவும் இல்லாமல் தானாக அதிர்வதையே இப்பெயர் குறிக்கிறது. எந்தெந்த அதிர்வெண்களில் அதிரும், அப்போது என்ன வடிவம் கொள்ளும் என்று முன்கூட்டிக் கணிப்பது இத்துறையின் வேலை. விமான இறக்கை, ராக்கெட் உறை போன்றவற்றில் இயந்திரத்தின் அதிர்வும் உறுப்பின் இயல்பதிர்வெண்ணும் பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு உண்டாகி உறுப்பே சேதமடையலாம்.

எர்ன்ஸ்ட் கிளாட்னி, மணல் தூவிய தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுத்து, அசையாத கோடுகளில் மணல் ஒதுங்குவதைக் கண்டு 1787-இல் எழுதினார். 1809-இல் பாரிசில் நெப்போலியன் இதைப் பார்த்த பின், விளக்கம் தருவோருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. உயர்கல்விக் கூடங்கள் பெண்களைச் சேர்க்காத அந்தக் காலத்தில் சோஃபி ஜெர்மேன் மூன்று முறை கட்டுரை அனுப்பி, 1816-இல் அப்பரிசை வென்றார். அவரது சமன்பாட்டை லாக்ராஞ்சு திருத்தியிருந்தார். விளிம்பு நிபந்தனைகளை 1850-இல் கிர்ச்சாஃப் சரிசெய்தார். தகட்டின் நடுத்தளத்துக்குச் செங்குத்தான கோடு வளைந்த பின்னும் நேராகவும் செங்குத்தாகவுமே இருக்கும் என்பது அவரது அடிப்படை எடுகோள்.

1888-இல் லவ் அந்த எடுகோளை ஓடுகளுக்கு விரித்தார். ஓட்டில் வளைவும் நீட்சியும் பிணைந்தே நிகழ்கின்றன. சுற்றளவில் அலைகள் கூடக்கூட நீட்சிக்கான ஆற்றல் குறைகிறது, வளைவுக்கான ஆற்றல் ஏறுகிறது. ஆகவே உருளை ஓட்டின் மிகக் குறைந்த அதிர்வெண் எளிய வடிவத்துக்கு உரியதாக இருக்க வேண்டியதில்லை. 1949-இல் ஆர்னால்டும் வார்பர்ட்டனும் இதைத் தெளிவாக விளக்கினர்.

அடுக்குப் பொருள்கள் வந்ததும் கிர்ச்சாஃபின் எடுகோள் ஆட்டம் கண்டது. எஃகில் யங் குணகம் (நீட்சிக்கான எதிர்ப்பு) விறைப்புக் குணகத்தைப் (சறுக்கத்துக்கான எதிர்ப்பு) போல ஏறத்தாழ 2.6 மடங்கு. கார்பன் இழைக் கலவையிலோ இழைத் திசை யங் குணகம், தடிமன் வழியான விறைப்புக் குணகத்தைப் போல 25 மடங்கைத் தாண்டுவது வழக்கம். புத்தகத்தை வளைத்தால் தாள்கள் நழுவுவதுபோல அடுக்குகளும் உள்ளுக்குள் சறுக்க முயல்கின்றன. இந்தச் சறுக்குப் பெயர்ச்சியைக் கணக்கில் எடுக்காவிட்டால், தகடு உள்ளதைவிட விறைப்பானதாகத் தோன்றும். கணித்த அதிர்வெண்ணும் மிகையாகும். தடித்த தகடுகளிலும் உயர் அதிர்வு வடிவங்களிலும் இந்தப் பிழை பெரிது.

ஒரே பொருளாலான தகட்டுக்குச் சறுக்கத்தையும் சுழற்சி நிலைமத்தையும் சேர்த்து மின்ட்லின் 1951-இல் கோட்பாடு தந்தார். யாங், நாரிஸ், ஸ்டாவ்ஸ்கி மூவரும் 1966-இல் அதை அடுக்குத் தகடுகளுக்குக் கொண்டுவந்தனர். இதில் சறுக்கத் திரிபு தடிமன் முழுவதும் மாறாது என்று கொள்ளப்படுகிறது. உண்மையில் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் அது சுழியம். அந்த இடைவெளியை ஒரு திருத்தக் கெழு நிரப்புகிறது. ஒரே பொருளுக்கு 5/6 போதும். அடுக்குகளுக்கோ அடுக்கும் வரிசையைப் பொறுத்து அது மாறும். ஜே. என். ரெட்டி 1984-இல் முன்வைத்த மூன்றாம் படிக் கோட்பாடு இரு பரப்புகளிலும் சறுக்கத்தைத் தானே சுழியமாக்கி, கெழுவின் தேவையையே நீக்கியது. இத்துறையின் மிக நேர்த்தியான முன்னேற்றம் இதுவே. ஆனால் அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் தகைவின் தொடர்ச்சியை அதுவும் காப்பதில்லை. அதற்காக வந்த அடுக்குவாரிக் கோட்பாடுகள் துல்லியமானவை. ஆனால் அடுக்கு கூடக்கூட அவற்றின் கணக்கும் பெருகுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் உரைகல் வேண்டுமல்லவா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எஸ். ஸ்ரீநிவாஸ், ஏ. கே. ராவ் இருவரும் 1970-இல் அதை வழங்கினர். தடிமனைப் பற்றி எந்த எடுகோளும் இன்றி, முப்பரிமாண மீட்சியியலிலிருந்தே செவ்வக அடுக்குத் தகட்டின் அதிர்வெண்களைக் கணக்கிட்டனர். விளிம்புகள் எளிதாகத் தாங்கப்பட்ட தகட்டுக்கே அந்தத் தீர்வு பொருந்தும். ஆயினும் தடித்த தகடுகளுக்கான புதிய கோட்பாடுகள் இன்றும் அந்த எண்களோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படுகின்றன.