தாத்தா பம்ப்பும் ஒரு ஸ்பிரிங்கும்

ரெண்டு இஞ்ச் கூட இல்லாத ஒரு ஸ்பிரிங், பொங்கல் லீவுல எனக்கு நாலு நாளைக் காலி பண்ணிடுச்சு.

ஆலங்குளம் பக்கம் எங்க ஊர். தாமிரபரணின்னா எல்லாருக்கும் கால்வாயும் நெல்லும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிற்றாறு கடைசியில தாமிரபரணியிலதான் போய்ச் சேருதுன்னாலும், எங்க பக்கம் கிணத்துப் பாசனம்தான். முதல்ல மாடு கட்டி கமலை இறைச்சாங்க, அப்புறம் ஆயில் எஞ்சின், அதுக்கப்புறம் கரண்ட் மோட்டார். இதுல நடு ஆள்தான் எங்க மாட்டுத் தொழுவத்துல சாக்கு மூடிக் கிடந்தது. வில்லியர்ஸ் பெட்ரோல்-மண்ணெண்ணெய் எஞ்சின். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பி விடணும்.

வில்லியர்ஸ்ங்கறது ஆள் பேர் இல்லை, தெருப் பேர். இங்கிலாந்துல வுல்வர்ஹாம்டன் நகரத்துல வில்லியர்ஸ் தெருவுல 1898ல ஆரம்பிச்ச கம்பெனி. 1921ல வந்த ஆட்கோ மோட்டார் புல்வெட்டியில இவங்க எஞ்சின்தான். அங்க துரைமார் தோட்டத்துல புல் வெட்டின குடும்பத்துப் பங்காளி ஒண்ணு, இங்க எங்க மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தண்ணி இறைச்சிருக்கு.

கார்புரேட்டரைக் கழட்டினேன். பழைய எண்ணெய் காஞ்சு பிசின் மாதிரி ஜெட்டை அடைச்சிருந்தது. ஊற வச்சு, மெல்லிசு கம்பி விட்டு சுத்தம் பண்ணியாச்சு. இது வரைக்கும் ஹீரோதான். திருப்பி மாட்டும்போதுதான் சனி பிடிச்சது. கார்புரேட்டர்லேர்ந்து ஒரு கம்பி கவர்னர் கைக்குப் போகுது. அந்தக் கையில வரிசையா ஓட்டைகள். ஸ்பிரிங் எந்த ஓட்டையில இருந்ததுன்னு கழட்டும்போது போட்டோ எடுக்கலை. (கோடு எழுதினா ராத்திரியே கமிட் பண்றவன் நான்!)

ஒரு குத்துமதிப்பா மாட்டினேன். எஞ்சின் நிக்கும்போதே த்ராட்டில் முழுசாத் திறந்து கிடந்தது. பைக்ல ஆக்சிலேட்டரை விட்டா ஸ்பிரிங் மூடத்தானே செய்யும்? தப்பா மாட்டிட்டோம்னு நினைச்சு, மூடற மாதிரி மாத்தி மாட்டினேன். ஸ்டார்ட் ஆச்சு. பம்ப்புல தண்ணி ஏறின உடனே செத்துப்போச்சு. பத்து தடவை கயிறு இழுத்ததுல தோள் கழண்டதுதான் மிச்சம். கடுப்புல கவர்னர் கம்பியைக் கழட்டி விட்டுட்டு, கையாலயே த்ராட்டிலைத் திறந்தேன். சுமையில்லாத எஞ்சின் போட்ட அலறல்ல தொழுவத்துக் கோழியெல்லாம் கூரை மேல. பிளக் வயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா கனெக்டிங் ராடு உடைஞ்சு எஞ்சினைப் பொத்துக்கிட்டு வெளிய வந்திருக்கும்.

பாவூர்சத்திரத்துல ஒரு வயசான மெக்கானிக் அண்ணாச்சி. போன்ல கேட்டதும் சிரிச்சார். "ஏய்யா, நிக்கும்போது அது தொறந்துதான் கெடக்கணும். ஸ்பிரிங்கு தொறக்கும், கவர்னரு மூடும். ரெண்டுக்கும் சண்டை. அந்தச் சண்டைதாம்யா ஸ்பீடு."

இன்ஜினியரிங் காலேஜ்ல கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் ஒரு செமஸ்டர் படிச்சேன். இப்படி யாரும் சொல்லித் தரலை.

உள்ள, பல்சக்கரத்தோட சேர்ந்து சுத்தற சின்ன எடைகள் இருக்கு. வேகம் கூடக்கூட அது விரியும், கையைத் தள்ளும், த்ராட்டில் மூடும். வேகம் குறைஞ்சா சுருங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், த்ராட்டில் திறக்கும். ஜேம்ஸ் வாட் 1788ல நீராவி எஞ்சின்ல வச்சது இதே தத்துவம்தான். அவரும் சொந்தமா யோசிச்சதில்லை. காற்றாலையில மாவு அரைக்கிறவங்க ஏற்கெனவே வச்சிருந்தாங்க, 1787லயே தாமஸ் மீட்னு ஒருத்தர் பேடன்ட் வாங்கியிருக்கார். கவர்னர்ங்கற சொல்லுக்கு மூலம் கிரேக்கத்துல சுக்கான் பிடிக்கிறவன். நான் ஆபீஸ்ல மாரடிக்கிற குபர்னெட்டிஸும் அதே வார்த்தைதான்.

இப்ப ஆச்சி கேட்ட கேள்விக்கு வரேன். "அதான் கரண்ட்டு இருக்குல்லா, இது எதுக்குல உனக்கு?"

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944லயே வந்தாச்சு. அதுக்கு அறுபது வருஷம் முன்னாடியே, 1880கள்ல, ஹார்வி சகோதரர்கள் அதே அருவித் தண்ணியோட சக்தியை நம்பித்தான் விக்கிரமசிங்கபுரத்துல மில்லு கட்டினாங்க. ஆனா மின்சாரம் மலையிலேர்ந்து இறங்கி எங்க கிணத்துக்கு வர்றதுக்குள்ள ஒரு தலைமுறை போயிடுச்சு. இணைப்புக்கு எழுதிப் போட்டுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். அந்த இடைவெளியிலதான் ஆயில் எஞ்சின் வாழ்ந்தது. 1984ல சிறு விவசாயிகளுக்கும், 1990ல எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம்னு ஆனதும் கதை முடிஞ்சது. காசு கொடுத்து எண்ணெய் ஊத்தற எஞ்சின், காசே கேட்காத மோட்டாரோட எப்படிப் போட்டி போடும்? தாத்தாவும் இணைப்பு வந்த வருஷமே சாக்கைப் போட்டு மூடிட்டார்.

இதுல எனக்குப் பிடிச்ச வேடிக்கை ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்து நீர்மின் நிலையங்கள்லயும் டர்பைன் வேகத்தைக் காத்தது இதே சுத்தற எடைகள்தான். ஊர்ல நாலு மோட்டாரைப் போட்டா சுமை கூடி டர்பைன் வேகம் குறையும், எடைகள் சுருங்கும், தண்ணிக் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும். அப்பதான் 50 ஹெர்ட்ஸ் நிலைக்கும். தாத்தாவோட கவர்னரை வேலைய விட்டு அனுப்பினது அதோட பெரியண்ணன்தான்.

சரி, ஸ்பிரிங். சரியான திசையில மாட்டி ஸ்டார்ட் பண்ணினா, இப்ப வூம்... வூம்...னு வேகம் ஏறி ஏறி இறங்குது. பெரியவங்களையும் படுத்தின வியாதிதான். மேக்ஸ்வெல் 1868ல கவர்னர்கள் ஏன் இப்படி ஊசலாடுதுன்னு கணக்குப் போட்டு ஒரு கட்டுரையே எழுதியிருக்கார். கையோட அச்சுக்குப் பக்கத்து ஓட்டையில ஸ்பிரிங்கை மாட்டினா கவர்னர் துளி மாற்றத்துக்கும் துள்ளும். தள்ளி மாட்டினா நிதானம் வரும், ஆனா சுமை ஏறினா வேகம் கொஞ்சம் கூடவே இறங்கும். ஒரு ஓட்டை தள்ளி மாட்டி, இழுப்பையும் சரி பண்ணினேன்.

ஊசலாட்டம் நின்னுடுச்சு. வெறும்ல ஓடும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருந்தது. பம்ப்புல தண்ணி ஏறின நொடி எஞ்சின் ஒரு முக்கு முக்கிச்சு. நான் கையே வைக்கலை, அந்தக் கம்பி தானா நகர்ந்து த்ராட்டிலைத் திறந்தது. சத்தம் பழையபடி ஒரே சீரா ஆச்சு.

வாய்க்கால்ல தண்ணி போறதை ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னா. "உங்க தாத்தா ஓட்டுனா இதைவிட மெதுவா ஓடும்ல"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் தளர்த்தணும் போல.