திருப்பிப் போட்ட டேப்பில் சாத்தான் பேசுமா?

1990-ம் வருஷம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ நகர நீதிமன்றம். ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற பிரிட்டிஷ் மெட்டல் இசைக்குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட், நீதிபதி முன்னாடி தன் பாட்டையே பாடிக் காட்டறார். அந்தப் பாட்டுக்குள்ள சாகத் தூண்டும் ரகசியக் கட்டளை ஒளிஞ்சிருக்கா என்பதுதான் வழக்கு.

ராக், மெட்டல்னாலே சாத்தான் பாட்டு என்ற பேச்சுக்கு வயசு அதிகம். பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்துச்சு. அதன் உள் அட்டையில் தலைகீழ் சிலுவை. அதைப் போட்டது ரெக்கார்டு கம்பெனி. குழுவைக் கேட்கவே இல்ல. பெரும்பாலான பாடல் வரிகளை எழுதிய கீஸர் பட்லர், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. 1971-ல் அவர் எழுதின 'ஆஃப்டர் ஃபாரெவர்' கடவுளை நம்பச் சொல்லும் பாட்டு, அதுவும் ஒளிவுமறைவே இல்லாம. மேடையில் அவங்க போட்ட சிலுவைகளைச் செஞ்சு கொடுத்தது பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் அப்பா.

நேரா கேட்டா இப்படி. அதனாலயோ என்னவோ, திருப்பிப் போட்டுக் கேட்க ஆரம்பிச்சாங்க! 1982-ல் கலிஃபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்று லெட் ஸெப்பெலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டைப் பின்னோக்கி ஓடவிட்டுக் கேட்டது. சாத்தானைப் புகழுற வரிகள் அதில் இருக்காம்.

கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வோக்கி, ரீட் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதிச்சாங்க (1985-ல் வெளியான ஆய்வு). பைபிளின் 23-ம் சங்கீதம் உட்படப் பல பகுதிகளைப் பேசிப் பதிவு செஞ்சு, திருப்பிப் போட்டாங்க. பேசுவது ஆணா பெண்ணான்னு கேட்டவங்களால சொல்ல முடிஞ்சது. இது ஜெபமா, குழந்தைப் பாட்டா, விளம்பரமா? கண்ணை மூடிக்கிட்டுக் குறி சொன்ன மாதிரிதான் பதில் வந்துச்சு. ஆனா "இந்த இடத்தில் இந்த வார்த்தை வருதா பாருங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிட்டா, நிறையப் பேருக்குக் கேட்டுடுச்சு.

எங்க துறையில இதைத் தினமும் பார்க்கலாம். வார்டு ரவுண்ட்ஸில் புரொஃபசர் "மர்மர் கேட்குதா?"ன்னு கேட்டா, ஸ்டெத்தை வைக்கிற பத்து ஸ்டூடண்ட்ஸுக்கும் கேட்கும். இதயத்துல மர்மர் இருக்கணும்னு அவசியமில்ல.

இப்ப ரீனோவுக்கு வருவோம். 1985 டிசம்பரில், பக்கத்து ஊரான ஸ்பார்க்ஸில் 18, 20 வயசுப் பையன்கள் ரெண்டு பேர் தற்கொலைக்கு முயன்றாங்க. ஒருத்தர் அங்கேயே இறந்தார். பிழைச்சவர், குடியும் ஹெவி மெட்டலும்தான் தங்களை மயக்கிடுச்சுன்னு இறந்தவரின் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். 1988-ல் அவரும் இறந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தக் கடிதத்தை நம்பியதில் எனக்கு ஆச்சரியமே இல்ல.

ஆனா பாடல் வரிகளுக்காக வழக்குப் போட முடியாது. அங்கே பேச்சுரிமைப் பாதுகாப்பு அவ்வளவு பலம். காதுக்குத் தெரியாம மனசுக்குள்ள போகும் செய்திக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லன்னு நீதிபதி வொயிட்ஹெட் முடிவு செஞ்சார். ஆக, வழக்கு நிக்கணும்னா ஒளிஞ்ச செய்தி ஒன்று இருந்தே ஆகணும். 1978-ல் வந்த 'ஸ்டெயிண்ட் கிளாஸ்' ஆல்பத்தில் அதைத் தேடினாங்க. ஒரு பாட்டுல "டூ இட்" (செய்துவிடு) என்ற ஒலி கிடைச்சது.

ஹால்ஃபோர்ட் அதே ஆல்பத்தைத் திருப்பிப் போட்டு, அம்மாகிட்ட நாற்காலி உடைஞ்சு போச்சுன்னு சொல்ற மாதிரி ஒரு வரியைக் கண்டுபிடிச்சுக் கோர்ட்டில் கேட்கவெச்சார்.

ஆகஸ்ட் 24-ம் தேதி தீர்ப்பு. அந்த ஒலி, பாடகர் மூச்சு விட்ட சத்தமும் கிதார் ஓசையும் தற்செயலா ஒண்ணு சேர்ந்தது, வேணும்னு வெச்சதில்ல. இசைக்குழு மேல் பொறுப்பு இல்லன்னு முடிஞ்சது.

அந்தப் பையன்களோட வாழ்க்கையும் விசாரணையில் வந்தது. வீட்டில் வன்முறை, பாதியில் நின்ற படிப்பு, குடி, போதை. அன்னைக்கும் குடிச்சிருந்தாங்க. என்கிட்ட ஹிஸ்டரி எடுக்கச் சொன்னா, நான் முதல்ல எழுதுறது இதைத்தான். பல வாரம் நடந்த வழக்கில், நாள் கணக்கா அலசினது "டூ இட்" என்ற ரெண்டு சொல்லை.

படிக்கிறவங்கள்ல யாருக்காவது அந்த மாதிரி எண்ணம் வந்தா, டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.