கிராமத்துக்கு கிராம சபை... நகரத்துக்கு? ஏரியா சபையில் நீங்க என்னவெல்லாம் கேட்கலாம்?

தெருவிளக்கு எரியவில்லை, வடிகால் மூடி உடைந்து கிடக்கிறது. கிராமமாக இருந்தால் கிராம சபையில் எழுந்து கேட்டுவிடலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. நகரத்தில் இருப்பவர் எங்கே போய்க் கேட்பது? கவுன்சிலரைத் தேடிப் போகணும், இல்லைன்னா 1913-க்கு போன் போடணும். சென்னைவாசிகள் பலருக்குத் தெரிந்த வழி இவ்வளவுதான்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நகரவாசிகள். இவர்களுக்கான கிராம சபை மாதிரிதான் 'பகுதி சபை'. ஏரியா சபை என்றும் சொல்கிறார்கள்.

எப்போது வந்தது?

அரசியலமைப்பின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. 3 லட்சம் மக்கள்தொகைக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் கட்டாயம் என்றது அது. ஆனால் வார்டுக்கு ஒரு குழு வேண்டும் என்று சொல்லவில்லை. பல வார்டுகளைச் சேர்த்து ஒரு குழு வைத்தாலும் போதும். இதனால், 200 வார்டுகள் கொண்ட சென்னையில் மண்டலக் குழுக்களே அந்த இடத்தை நிரப்பின. பொதுமக்களுக்கு அதில் நாற்காலி இல்லை.

2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டம், நிதி வேண்டுமென்றால் மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் வேண்டும் என்று மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தது 2022-ல். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான், 2011-க்குப் பிறகு முதல்முறையாக நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார்.

யார் யார் இருப்பாங்க?

ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள். சென்னையில் ஒரு வார்டுக்கு 10 பகுதிகள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோருமே ஏரியா சபை உறுப்பினர்கள்தான். தனியாக விண்ணப்பம் போட வேண்டியதில்லை.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. இந்தப் பிரதிநிதிகளும் கவுன்சிலரும் சேர்ந்ததுதான் வார்டு குழு. கவுன்சிலர் அதன் தலைவர். சென்னையில் ஒரு வார்டில் சராசரியாக 30 ஆயிரம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். அத்தனை பேரின் குறையையும் ஒரு கவுன்சிலரே தெரிந்துவைத்திருப்பது கஷ்டம் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

இதில் ஒரு விமர்சனமும் இருக்கிறது. பகுதிப் பிரதிநிதியை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம்தான் நியமிக்கிறது. அப்படியென்றால் கட்சிக்காரர்களே வந்து உட்கார்ந்துவிட மாட்டார்களா என்பது சமூக ஆர்வலர்களின் கேள்வி.

என்ன கேட்கலாம்?

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பொதுக் கழிப்பறை, குப்பை, வடிகால், பூங்கா என எதையும் கேட்கலாம். எந்த வேலையை முதலில் எடுக்க வேண்டும் என்றும் சொல்லலாம். சபை பரிந்துரைப்பது வார்டு குழுவுக்கும், அங்கிருந்து மன்றத்துக்கும் போகும். ஆனால் அது பரிந்துரைதான், உத்தரவு அல்ல.

எது இவர்கள் கையில் இல்லை?

பெரிய முடிவுகள் வேறு இடத்தில் எடுக்கப்படுகின்றன. குடியிருப்புப் பகுதியை வணிகப் பகுதியாக மாற்றுவது, மாஸ்டர் பிளான் போடுவது எல்லாம் சென்னையில் சிஎம்டிஏ வேலை. மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்புத் துறை. அடிப்படை, 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைக் குடிநீருக்குத் தனி வாரியம், மெட்ரோவுக்குத் தனி நிறுவனம்.

அதாவது, உங்க தெரு வடிகால் மூடி பற்றி ஏரியா சபை பரிந்துரைக்கலாம். அதே தெருவில் வணிக வளாகம் வரலாமா என்பதற்கு அதன் ஒப்புதல் தேவையில்லை. நிலப் பயன்பாட்டை மாற்றும்போது ஆட்சேபணை கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். அதைக் கவனித்து, உரிய அலுவலகத்துக்கு நீங்களே எழுதணும்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1999-ல் கொண்டுவந்த சாசனப்படி குடியிருப்புக் கவுன்சில்கள் இயங்குகின்றன. அவையும் ஆலோசனைதான் சொல்ல முடியும். ஆனால் இரண்டு வித்தியாசம். நிர்வாகிகளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நகர நிர்வாகம் முடிவெடுக்கும் முன்பே கவுன்சில்களுக்குத் தகவல் கொடுத்துக் கருத்து கேட்க வேண்டும் என்று சாசனமே சொல்கிறது. முடிவு எடுத்த பிறகு கருத்து சொல்லி என்ன பயன்?

கூட்டத்துக்குப் போகும் முன்...

* உங்க பகுதிக் கூட்டம் எப்போது, எங்கே என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள்.

* கோரிக்கையை மனுவாக எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

* வாயால் சொன்னால் மட்டும் போதாது. கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்.

* போன கூட்டத்தில் சொன்னது என்ன ஆச்சு என்பதையே முதல் கேள்வியாக வையுங்கள்.

* பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கூட்டக் குறிப்பின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

உத்தரவு போடும் அதிகாரம் ஏரியா சபைக்கு இல்லாததால், அதன் பலமே எழுத்தில் பதிவாவதுதான். நாலு பேர் பேசிவிட்டுக் கலைந்தால் அது வெறும் கூட்டம். நாற்பது பேர் கேட்டு, குறிப்பில் ஏறி, அடுத்த கூட்டத்திலும் அதே கேள்வி வந்தால் அதிகாரிகள் பதில் சொல்லியே ஆகணும்.