கைகளில் வாழும் மொழி

மொழி என்றவுடன் நம் நினைவில் எழுவன நாவும் செவியுமே. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்விக்கெனத் தனியதிகாரம் வகுத்தார். புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மக்கட் பிறப்பின் குறைகள் எட்டினை எண்ணுமிடத்து, ஊமையும் செவிடும் அவற்றுள் இடம்பெறுகின்றன. ஆயினும் அதே வள்ளுவர், குறிப்பறிதல் என்னும் பெயரால் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக ஈரதிகாரங்கள் யாத்தார். இளங்கோவடிகளோ அரங்கேற்று காதையில் பிண்டி, பிணையல் எனக் கைகளின் தொழிலைக் குறித்தார். கை பொருளுணர்த்தும் என்பதைத் தமிழர் நன்கறிவர். ஆனால் கையே ஒரு மொழியாகவும் கூடும் என்பதை நாம் அறிந்தோமா? இக்கட்டுரை ஆராயப் புகுந்த வினா இதுவே.

கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கு அண்மையிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் வளர்ந்தேன். அங்குப் பால்மரம் வெட்டிய ஒருவருக்குப் பிறவியிலேயே காது கேளாது. பிரட்டுக்களத்தில் கங்காணி முதல் கைக்குழந்தை ஈறாக எல்லாரும் அவரை 'ஊமையன்' என்றே அழைத்தனர். அவருக்கும் பெற்றோர் இட்ட ஒரு பெயர் உண்டு என்பது, சம்பளநாளில் கிராணியார் ஏட்டைப் படிக்கும்போது மட்டுமே வெளிப்படும். அதையும் அவர் கேட்டதில்லை.

அவருடன் தோட்டத்தார் பேசிய கையசைப்புகள் சில இருந்தன. சோறு, மழை, கத்தி, காசு என்னும் அளவில் அவை நின்றுவிட்டன. இத்தகைய வீட்டுச் சைகை மொழியாகாது. நாட்டிய முத்திரையும் மொழியாகாது. சைகைமொழி என்பது, ஒரு சமுதாயத்தாரிடையே தலைமுறை தோறும் வழங்கி, தனக்கெனச் சொல்வளமும் இலக்கணமும் பெற்ற முழுமொழியாகும். அமெரிக்காவின் காலடெட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கி, 1960இல் இதனை முதன்முதலாக மொழியியல் முறையில் நிறுவினார். ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், அது நிகழும் இடம், அதன் இயக்கம் என்னும் கூறுகளால் ஆவது என அவர் காட்டினார்.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. எழுத்துகள் பிறக்கும் இடமாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். சைகைக்கு நெற்றியும் முகவாயும் மார்பும் அத்தகைய இடங்களாகும். குறில் நெடிலாயின் 'கல்' என்பது 'கால்' ஆதல்போல, இடமோ இயக்கமோ மாறின் சைகையின் பொருளும் மாறும். 'வந்தானா' என்பதில் ஈற்று ஆகாரம் செய்யும் வினாப்பணியைப் பல சைகைமொழிகளில் உயர்ந்த புருவம் செய்கிறது. உலகெங்கும் சைகை ஒன்றே என்பதும் பிழை. பிரிட்டனும் அமெரிக்காவும் பேசுவது ஆங்கிலமே. எனினும் அவ்விரு நாட்டுச் சைகைமொழிகளும் ஒன்றுக்கொன்று விளங்காத வேற்றுமொழிகள்.

இம்மொழிகள் கடந்துவந்த பாதை கரடுமுரடானது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் அருட்டந்தை தெ லெப்பே, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை வழியே கற்பித்தார். அம்மரபில் வந்தவரும் தாமே காது கேளாதவருமான லோரான் கிளெர்க், தாமஸ் காலடெட்டுடன் இணைந்து 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளியொன்றை நிறுவினார். ஆனால் 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது எனவும் சைகை விலக்கத்தக்கது எனவும் தீர்மானித்தது. வந்திருந்த 164 பேராளருள் காது கேளாதவர் ஒருவரே எனக் கூறப்படுகிறது. யாருடைய மொழி விலக்கப்பட்டதோ அவர்களைக் கேளாமலே தீர்ப்பு எழுதப்பட்டது. பல நாடுகளில் கையசைத்த பிள்ளைகள் கையிலேயே அடிபட்டனர். 130 ஆண்டுகள் சென்றபின், 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அத்தீர்மானங்களைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தது.

தமிழ்நிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் ஃபுளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியைத் தோற்றுவித்தார். நம் நாட்டில் 1954இல் பினாங்கில் கூட்டரசு காது கேளாதோர் பள்ளி தொடங்கப்பெற்றது. பின்னர்த் தஞ்சோங் பூங்காவில் நிலைபெற்ற அப்பள்ளியில் தொடக்கத்தில் வாய்ப்பேச்சு முறையே கைக்கொள்ளப்பட்டது. உதட்டசைவைப் பார்த்து உணர்தலும் குரலெழுப்பிப் பழகுதலுமே வகுப்பறைப் பாடம். ஆனால் வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் தமக்குள் ஒரு மொழியை வளர்த்துக்கொண்டனர். அதுவே இன்று பினாங்குச் சைகைமொழி என ஆய்வாளரால் குறிக்கப்பெறுகிறது. ஆசிரியர் கற்பிக்காத ஒரு மொழியை மாணவரே ஆக்கிக்கொண்ட இச்செய்தி, ஆசிரியராகிய நாம் நின்று எண்ணத்தக்கது.

1976இல் அமெரிக்கரான ஃபிரான்சஸ் பார்சன்ஸ் அம்மையார் இங்கு வந்து, பேச்சு, எழுத்து, சைகை அனைத்தையும் இணைக்கும் முழுமைத் தொடர்பு முறையை வலியுறுத்தினார். அப்பத்தாண்டின் பிற்பகுதியில், மலாய்மொழியின் சொல்வரிசையையும் ஒட்டுகளையும் கையால் காட்டும் 'கோட் தாங்ஙான்' முறை பள்ளிகளில் புகுந்தது. அது மலாய்மொழியின் கைவடிவமேயன்றித் தனிமொழியன்று. காது கேளாதோர் தமக்குள் வழங்கும் மலேசியச் சைகைமொழிக்குத் தன் இலக்கணம் உண்டு. அமெரிக்கச் சைகைமொழியின் தாக்கமும் அதில் மிகுதி. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம், அம்மொழியை நம் நாட்டுக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்றது.

மொழியுள்ள இடத்தில் பண்பாடும் உண்டு. காது கேளாதோர் ஒருவரையொருவர் தோள்தொட்டு அழைப்பர். தொலைவில் உள்ளாரை விளக்கை அணைத்தேற்றி அழைப்பர். பேசுவோர் முகத்தினின்று கண்ணை எடுத்தல் அவர்களிடையே மரியாதைக் குறைவாகும். கைதட்டுதற்கு ஈடாக இருகைகளையும் உயர்த்தி அசைப்பர். ஒவ்வொருவருக்கும் தோற்றமோ இயல்போ பற்றிய சைகைப்பெயர் ஒன்றைத் தம் கூட்டத்தாரே இடுவர். குறையுள்ளோர் என்னும் மென்சொல்லினும் 'பெக்காக்' என்னும் நேர்ச்சொல்லையே அவர்கள்தம் தேசியக் கூட்டமைப்பு தன் பெயரில் தாங்கியுள்ளது. பிற பண்பாடுகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவன. காது கேளாத பிள்ளைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் கேட்கும் பெற்றோர்க்குப் பிறப்பதாக அமெரிக்க ஆய்வுகள் உரைக்கின்றன. ஆதலின் இப்பண்பாடு பெரும்பாலும் பள்ளி விடுதியில், மூத்த மாணவரிடமிருந்து இளையவர்க்கே சென்று சேர்கிறது.

இவ்வுண்மைகளை நான் பயிற்சிக் கல்லூரியில் கற்கவில்லை. 1990களில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியேற்றபோது, என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கரும்பலகையில் உள்ளதை முத்து முத்தாக எழுதுவான். சொல்வதெழுதுதலில் வெற்றுத்தாளைத் தருவான். மதிப்பீட்டு அட்டையில் 'கவனக்குறைவு' என நான் எழுதினேன். கடைசி வரிசையில் அமர்த்தினேன். ஓராண்டு கழிந்தபின்னரே அவனுக்குச் செவிப்புலன் இல்லை என்பது தெரிந்தது. அவன் பினாங்குக்கு அனுப்பப்பட்டான். குறைவு கவனத்தில்தான் இருந்தது. ஆனால் அது என் கவனத்தில்.

பல்லாண்டுகளுக்குப்பின் சுங்கைப் பட்டாணியில் ஓர் உணவுக்கடையின் விளக்கொளியில் அவனைக் கண்டேன். நண்பர் நால்வர் வட்டமாக அமர்ந்து கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தனர். என்னை அடையாளங்கண்டு, ஒரு தாளில் மலாயில் நலம் வினவினான். எழுத்து இன்றும் முத்து முத்தாகவே இருந்தது. தமிழில் எழுதக் கேட்டபோது தன் பெயரை மட்டும் எழுதினான். உடனிருந்த அவன் தாயார், "சாப்பிடு, வா, தூங்கு... இவ்வளவுதாங்க சார் எனக்குக் கையில வரும். அவன் மனசுல என்ன இருக்குதுன்னு இன்னும் தெரியல" என்றார்.

இந்நாட்டில் தாய்மொழிக் கல்விக்காக நெடுங்காலம் வாதாடி வருபவர் நாம். பிள்ளைக்கு விளங்கும் மொழியிலேயே கல்வி தொடங்கவேண்டும் என்பது நம் கொள்கை. அக்கொள்கை உண்மையாயின், காது கேளாத தமிழ்ப் பிள்ளையின் கைமொழிக்கும் அது பொருந்துதல் வேண்டும். அப்பிள்ளைக்குச் சைகைமொழி தமிழுக்குப் பகையன்று. எழுத்துத் தமிழையும் அப்பாலம் வழியே கொணரலாம். அதற்குப் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் சில நூறு சைகைகளையேனும் கற்கவேண்டும்.

அன்று விடைபெறும்போது, அம்மாணவன் தன் நண்பர்க்கு என்னை ஒரு சைகையால் அறிமுகம் செய்தான். சுண்ணக்கட்டி பிடித்த விரல்கள் காற்றில் ஒரு கோடிழுத்தன. அஃது என் பெயர் என்று தாளில் எழுதிக் காட்டினான். பள்ளிப்பருவத்திலேயே இட்ட பெயராம். நான் அவனுக்கு இட்டதோ 'கவனக்குறைவு' என்னும் பெயர். தோட்டத்தில் பெயரின்றி வாழ்ந்து மறைந்த அந்தப் பெரியவரை அப்போது நினைத்துக்கொண்டேன்.